பரங்கிமலை முதல் இமயம் வரை

தலைநகரில் வாழும் நம்மவர்க்கு ஊர்ப்பயணம் என்றவுடன் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் நினைவுக்கு வராமல் இராது. அதனினும் விரைந்து செல்லும் வண்டிகள் இன்று பல உண்டு; வானூர்தியும் எளிதாகிவிட்டது. ஆயினும் என் வயதினர்க்கு அந்த வண்டியே பயணம். தகரப் பெட்டி, ஹோல்டால், தண்ணீர்க் கூஜா, புளியோதரை மூட்டை, திரும்பும்போது அப்பளமும் வடகமும் நிறைந்த டின்கள் என ஒரு குடும்பத்தின் பாதி உடைமை இரண்டு போர்ட்டர்களின் தலைமேல் ஏறி இறங்கும். இந்நாளில் பெட்டிகளுக்குச் சக்கரம் முளைத்துவிட்டது. சுமை மட்டும் குறைந்ததாகத் தெரியவில்லை.

அந்த வண்டி நாகபுரியையும் சேவாகிராமத்தையும் விட்டுத் தெற்கே செல்லுகையில் ஹிங்கண்காட் என்னும் ஊரைக் கடக்கும். பருத்திக்குப் பெயர்பெற்ற ஊர் அது. அவ்வூரைப் பன்முறை கடந்தும், சாளரத்திற்கு வெளியே ஒரு நாழிகைகூட நான் கருத்துடன் நோக்கியதில்லை. பரங்கிமலையடியிலிருந்து இருபது ஆண்டுகள் அளந்துகொண்டே வடக்கு நோக்கி வந்த ஒருவரின் உடல் அங்கு அடங்கியிருக்கிறது என்பதைப் பிற்காலத்தில் நூல் வழியாகத்தான் அறிந்தேன். வில்லியம் லாம்டன் என்பது அவர் பெயர். அவரோடு நடந்தவர், சுமந்தவர், இடைவழியில் மடிந்தவர் பலர். சென்னையிலிருந்து வடபுலம் வந்தோரின் கதையை நாம் சொல்லும்போது இரயில் வண்டியிலிருந்தே தொடங்குகிறோம். எழுத்தர், சுருக்கெழுத்தாளர், கணக்கர் என்று அடுக்குகிறோம். இரயில் பாதையே இல்லாத காலத்தில் பரங்கிமலையையும் இமயமலையையும் கால்நடையாக இணைத்தவர்களை இம்மலரில் ஒருமுறை நினைத்துக்கொள்வது பொருந்தும் என்று கருதியே இதை எழுதுகிறேன்.

லாம்டன் ஆங்கிலப் படையின் 33-ஆவது பிரிவைச் சேர்ந்தவர். 1799-இல் திப்பு சுல்தானுக்கு எதிராக நடந்த ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் அவர் இருந்தார். அப்போரின்போது ஓரிரவு, தளபதி பேர்டு நடத்திச் சென்ற படைப்பிரிவு வழிதவறி எதிரியின் பாசறையை நோக்கியே சென்றுகொண்டிருந்தது. லாம்டன் வானத்து விண்மீன்களைப் பார்த்து, நாம் தெற்கே செல்லவில்லை, வடக்கே செல்கிறோம் என்று எச்சரித்தார். விண்மீனைக் கேட்டு வழி நடக்கும் நிலையில் தாம் இல்லை எனத் தளபதி முதலில் மறுத்தார். பின்னர்த் திசைகாட்டியைப் பார்த்தபோது லாம்டன் சொன்னதே மெய்யாயிற்று. போர் முடிந்தவுடன் இந்த மனிதர் ஒரு திட்டத்தை முன்வைத்தார். தீபகற்பத்தின் இரு கரைகளுக்கும் இடையே உள்ள நிலத்தை வானியல் துணையோடு பிழையற அளப்பது. அதனூடே பூமியின் வடிவையும் ஆராய்வது. சென்னை அரசு இசைந்தது.

இசைந்தபோதும் முணுமுணுப்பு ஓயவில்லை. அரசின் நிதிக்குழுவைச் சேர்ந்த ஒருவர், ஸ்ரீரங்கப்பட்டணம் போக விரும்புபவன் தன் பல்லக்குத் தூக்கிகளிடம் சொன்னால் போதுமே, அதற்கு இத்தனை அளவையும் செலவும் எதற்கு என்று கேட்டதாக ஒரு செய்தி வழங்குகிறது. நகைப்பதற்குரிய பேச்சுத்தான். ஆயினும் அந்த அளவை இறுதிவரை நடந்ததும் தூக்குவோரின் தோள்வலியால்தான் என்பதை எண்ணும்போது, அவர் அறியாமலே ஒரு மெய்யைச் சொல்லிவிட்டார் எனத் தோன்றுகிறது.

அளக்கும் முறையைச் சற்றே விளக்க வேண்டும். முக்கோணம் ஒன்றின் ஒரு பக்கத்தின் நீளமும் அதன் இரு முனைகளிலுள்ள கோணங்களும் தெரிந்தால், மற்ற இரு பக்கங்களையும் கணக்கிட்டே அறியலாம். இது பள்ளிப் பிள்ளைகள் படிப்பது. அவ்வாறு கிடைத்த பக்கத்தை அடியாக வைத்து அடுத்த முக்கோணம்; அதன்மேல் மற்றொன்று. மலையுச்சிக்கு மலையுச்சி, கோபுரத்திற்குக் கோபுரம் என இம்முக்கோணங்களை நாடு முழுதும் கோத்துச் செல்லலாம். ஆனால் முதல் முக்கோணத்தின் முதற்பக்கத்தை மட்டும் நிலத்தின்மேல் கையால் அளந்தே தீரவேண்டும். அதில் ஒரு விரற்கடை பிழை நேர்ந்தால் அப்பிழை முக்கோணந்தோறும் வளர்ந்துகொண்டே போகும்.

அந்த முதற்பக்கம் நம் சென்னையில் அமைந்தது. 1802 ஏப்ரல் 10-ஆம் நாள் பரங்கிமலையருகே அளவை தொடங்கியது. தெற்கே பெரும்பாக்கத்துக் குன்று வரையில் ஏழரை மைல் நீளம். மே 22-இல் முடிவுற்றது. அக்கினி நட்சத்திர நாட்களில் இவ்வேலை நடந்தது என்பதைச் சென்னை வெயிலை அறிந்தவர்க்கு விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. அளந்த சங்கிலி 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. இரண்டரை அடிக் கண்ணிகள் 40 கொண்டது. அதற்கு ஒரு தனிக் கதை உண்டு. சீனப் பேரரசருக்குப் பரிசாக மக்கார்ட்னி பிரபுவின் தூதுக்குழு கொண்டுசென்ற பொருள்களுள் அதுவும் ஒன்று. சீனர் அதை ஏற்கவில்லை. குழுவுடன் சென்ற டின்விடி என்னும் அறிவியலார் கைக்கு அது வந்து, கல்கத்தாவில் விலைக்குக் கிடைத்து, முடிவில் நம் பரங்கிமலைச் சமவெளியில் நீண்டு கிடந்தது.

எஃகு வெயிலில் நீளும், நிழலில் குறுகும். ஆகவே சங்கிலியை வெறுந்தரையில் இழுத்துவிட்டு அளக்க இயலாது. மரப்பெட்டிகளை வரிசையாகத் தாங்கிகளின்மேல் நிறுத்தி, மட்டம் பார்த்து, அவற்றினுள் சங்கிலியைக் கிடத்தி, வெப்பமானிகளை வைத்து, எடை கட்டி இழுத்து, வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, முனையை நுட்பமாகக் குறியிட வேண்டும். பிறகு எல்லாவற்றையும் பெயர்த்து அடுத்த 100 அடிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இவ்வாறு 400 முறை. ஒரு பெட்டியைத் தூக்குகிறவன் கால் இடறினால் அன்றைய வேலை வீண். பெட்டி தூக்குவோர் இடத்தில் நின்று இதை எண்ணிப் பார்த்தேன். கணிதத்தைக் காட்டிலும் இது ஒரு பெருந்தவமாகவே தோன்றியது.

அடிக்கோடு கிடைத்தது, கோணங்களை அளக்கும் கருவி அதன் பின்னரே சென்னை வந்து சேர்ந்தது. தியோடலைட் எனப்படும் அக்கருவியை லண்டனில் கேரி என்பவர் செய்தார். அதன் கிடைவட்டத்தின் குறுக்களவு 36 அங்குலம். எடை ஏறக்குறைய அரை டன். அதை ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் நடுக்கடலில் சிறைப்பிடித்து மொரீசியசுக்குக் கொண்டுபோயினர். பெட்டியைத் திறந்து பார்த்து, இஃது ஆயுதமன்று, அறிவியற் கருவி என்று கண்டு, பிரெஞ்சு ஆளுநர் நல்வாழ்த்துடன் சென்னைக்கே அனுப்பிவைத்தார். பகைவரிடத்தும் அத்தகைய பண்பு நிலவிய காலம் அது.

அரை டன் என்று எழுதுவது எளிது. சென்ற கோடையில் என் பேரன் நண்பர்களுடன் உத்தராகண்ட மலைகளில் ஐந்து நாள் நடைப்பயணம் சென்று திரும்பினான். முதுகில் ஒரு பை. கூடாரம், படுக்கை, உணவு எல்லாம் சேர்த்து 15 கிலோ. வந்து இரண்டு நாள் தோள்வலி என்று படுத்தே கிடந்தான். அரை டன் என்பது அத்தகைய பைகள் முப்பதுக்கு மேல். அதுவும் பிரித்துப் பங்கிட்டுக்கொள்ள முடியாதபடி பெரும்பகுதி ஒரே பொருளாய் அமைந்தது. வண்டியிலேற்றினால் அதிர்ச்சியில் நுண்பகுதிகள் நிலைகுலையும். ஆகவே பன்னிரண்டு ஆட்கள் கழிகளில் கட்டித் தோளில் சுமந்து செல்ல வேண்டியிருந்தது. சமவெளியில் மட்டுமா? அக்கருவிக்கு உகந்த இடம் எப்போதும் மலையுச்சியே. பாதையில்லாத குன்றுகளில், முட்புதரையும் பாறையையும் கடந்து, ஒருவன் தோள் தாழ்ந்தாலும் அனைவரும் சாயும் நிலையில், அவர்கள் ஏறினார்கள். ஏறி முடித்தவுடன் ஓய்வும் இல்லை. உச்சியிலுள்ள மரங்களை வெட்டி, மேடை அமைத்து, கூடாரம் அடித்து, எண்ணெயும் அரிசியும் தண்ணீரும் கீழிருந்து கொண்டுவர வேண்டும்.

கொடிக்காரர்களின் வாழ்வு இன்னும் கடுமையானது. பெருங்கருவி நிற்கும் மலையிலிருந்து பல மைல் தொலைவிலுள்ள மற்றொரு மலைக்கு அவர்கள் முன்கூட்டியே அனுப்பப்படுவர். அங்கே கொடியை நாட்டி, தம் கொடி தெரிந்ததா, வேலை முடிந்ததா என்று அறியாமலே நாட்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். புலி உலவும் காடு, குடிநீர் மலையடியில். போதாக்குறைக்கு, மழை கழுவிய வானில்தான் தொலைவு தெளிவாகத் தெரியும் என்பதால் லாம்டன் மழைக்காலத்தையே வேலைக்கு ஏற்ற பருவமாகக் கொண்டிருந்தார். காட்டுக் காய்ச்சல் தலைதூக்குவதும் அப்பருவத்தில்தான்.

ஊரார்க்கு இக்கூட்டத்தின்மேல் ஐயம் எழுந்ததில் வியப்பில்லை. உயர்ந்த இடமாகத் தேடி ஏறிக் குழாய் வழியே ஒற்றைக் கண்ணால் பார்க்கும் அயலான் எதைத்தான் பார்க்கிறான்? எங்கள் வீட்டுப் பெண்டிரைப் பார்க்கிறான் என்று பலவிடங்களில் எதிர்ப்பு மூண்டது. அக்கருவியில் உருவங்கள் தலைகீழாய்த் தெரியும் என்ற செய்தி பரவியபோது சினம் இருமடங்காயிற்று. கொடி நாட்டுவது ஆட்சியைக் கைப்பற்றும் அடையாளம் என்று அஞ்சியோரும் உண்டு. அவ்வச்சத்தை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. நிலத்தை அளந்தவனே பிறகு அதை ஆண்டான் என்பதை நாம் அறிவோம்.

மேற்குக் கரை வரை முக்கோணங்கள் சென்றபோது ஒரு வேடிக்கை வெளிப்பட்டது. சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே தீபகற்பத்தின் அகலம் சுமார் 400 மைல் என்று அதுவரை படங்கள் காட்டின. உண்மையில் அது 360 மைலே. நாற்பது மைல் நிலம் காகிதத்தில் மட்டுமே இருந்துவந்தது! இதன்பின் அளவையின் பயனைக் குறித்த முணுமுணுப்புச் சற்று அடங்கியது. தெற்கு வடக்காகச் செல்லும் முக்கோண வரிசையே இம்முயற்சியின் முதுகெலும்பாயிற்று. பெருவில் என்று அது பின்னர் அழைக்கப்பட்டது.

அவ்வரிசை காவிரி நாட்டில் இறங்கியபோது மலைகள் இல்லை. எங்கு நோக்கினும் தென்னையும் வயலும். அங்கே நம் முன்னோர் எழுப்பிய கோபுரங்களே மலைகளாக உதவின. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின்மேல் பெருங்கருவியை ஏற்ற லாம்டன் முற்பட்டார். 200 அடிக்கு மேல் உயர்ந்த அவ்விமானத்தின் உச்சிக்குக் கருவிப்பெட்டியைக் கயிறும் கப்பியும் கொண்டு இழுத்தனர். பெட்டி சுவரில் மோதாதபடி விலக்கிப் பிடித்திருந்த கயிறு அறுந்தது. அரை டன் எடை ஊசலாடிக் கருங்கற்சுவரில் மோதிற்று. பெட்டிக்குள் இருந்த வட்டம் நெளிந்தது; ஆரைகள் வளைந்தன. இராசராசன் காலத்துக் கல் அசையவில்லை.

வேறு யாராயினும் வேலையைக் கைவிட்டிருப்பர். இங்கிலாந்திலிருந்து மாற்றுக் கருவி வர எத்தனை காலமாகுமோ! லாம்டன் கூடாரத்திற்குள் சென்று கதவடைத்துக்கொண்டார் என்றே சொல்லலாம். வட்டத்தின் சரியான அளவை ஒரு பெரிய பலகையில் வெட்டி, நெளிந்த விளிம்பை ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு அணுவணுவாக இழுத்து அந்த அளவிற்குப் பொருத்தினார். வளைந்த ஆரைகளைச் சிறு மரச்சுத்தியால் தட்டித் தட்டி நிமிர்த்தினார். ஆறு வாரத்தில் கருவி ஏறக்குறையப் பழைய வடிவை எய்தியது. மீண்டும் கழிகள் பூட்டப்பட்டன. மீண்டும் பன்னிரு தோள்கள் அதன்கீழ் நுழைந்தன. தென்கோடி வரை அளந்து முடித்தபின் வரிசை வடக்கே திரும்பியது. பிறகு குத்தி, பீதர் என அடிக்கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக அளக்கப்பட்டன.

லாம்டனுக்குத் துணைநின்றோர் பலர் சென்னை அளவைப் பள்ளியில் பயின்ற இளைஞர். 1794-இல் தோன்றிய அப்பள்ளியே பிற்காலத்தில் கிண்டிப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது. ஐரோப்பியப் போர்வீரர்க்கும் இந்நாட்டுத் தாயர்க்கும் பிறந்து, அனாதை விடுதியில் வளர்ந்த சிறுவர் அதில் பலர். ஜோஷுவா டி பென்னிங் அவர்களுள் முதன்மையானவர். இளமை முதல் லாம்டனைப் பிரியாதவர். அவ்விளைஞர்க்கு ஊர் என்று ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை. கூடாரங்களே ஊர். லாம்டனின் முகாம் ஒரு நகரும் சிற்றூர். ஆண்களோடு பெண்டிரும் குழந்தைகளும் உடன்வந்தனர். அவருடைய மக்களும் அம்முகாமிலேதான் பிறந்து வளர்ந்தனர்.

1818-இல் ஜார்ஜ் எவரெஸ்ட் தலைமைத் துணைவராக வந்து சேர்ந்தார். மறு ஆண்டு லாம்டன் அவரைக் கிருஷ்ணை கோதாவரி ஆறுகளுக்கு இடைப்பட்ட காடுகளுக்கு அனுப்பினார். அங்கே எல்லாபுரம் என்னும் இடத்தில் நடந்ததை எவரெஸ்ட் பிற்காலத்தில் தம் நூலில் எழுதியுள்ளார். மழைக்காலத்துக் காடு. ஐந்து நாட்களுக்குள் ஏறக்குறைய 150 பேர் கொண்ட கூட்டம் முழுவதும் காய்ச்சலில் வீழ்ந்தது. கருவியைத் தூக்க ஆளில்லை. நோயாளியைத் தூக்கவும் ஆளில்லை. ஐதராபாத்துக்குச் செய்தி எட்டி, அங்கிருந்து யானை, டோலி, பல்லக்கு, வண்டி எனக் கிடைத்தவை யாவும் அனுப்பப்பட்டன. திரும்பும் வழியில் பதினைவர் இறந்தனர். பதினைந்து என்ற எண்ணே அங்கு நமக்குக் கிடைப்பது. எவரெஸ்டின் காய்ச்சலோ ஏடுகளில் விரிவாக இருக்கிறது. உடல் தேற அவரை நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பினார்கள். கொடிக்காரன் ஒருவன் காய்ச்சல் தணிந்தபின் எங்குச் சென்றான், தன் வீட்டை அடைந்தானா, அவன் கூலி அவன் மனைவியைச் சேர்ந்ததா என்று கேட்க அன்று ஆளில்லை.

1823 சனவரி 20-ஆம் நாள், நாகபுரி நோக்கி நடந்துகொண்டிருந்த முகாம் ஹிங்கண்காட்டில் தங்கியிருந்தபோது லாம்டன் உயிர் நீத்தார். அகவை எழுபதை ஒட்டியிருக்கும். உடலைச் சிதைத்துக்கொண்டிருந்த நோயைப் பொருட்படுத்தாமல் இறுதிவரை நடந்தவர் அவர். பரங்கிமலையில் சங்கிலியை நீட்டிய நாளிலிருந்து இருபது ஆண்டு ஒன்பது மாதம். அவர் வந்த வழியில் இரவிரவாகச் செல்லும் நம் வண்டி சென்னையிலிருந்து அவ்வூரை ஒரு நாளுக்குள் அடைந்துவிடுகிறது. அவர் மறைந்தவுடன் அந்த நகரும் சிற்றூர் கலைந்தது. தென்னாட்டிலிருந்து வந்தோர்க்குத் திரும்பிச் செல்ல மனம் இருந்தது. டி பென்னிங்கும் சில ஆண்டுகளில் சென்னை திரும்பினார். பின்னர் அவரை மீண்டும் அழைத்துக் கல்கத்தாவில் கணக்கிடுவோர்க்குத் தலைவராக்கினர்.

எவரெஸ்ட் பொறுப்பேற்றார். திறமை மிக்கவர், கோபமும் மிக்கவர். 1824-இல் மாளவத்துச் சிரோஞ்சில் அடிக்கோடு அளந்தபோது அவர் கைகால் வலுவிழந்திருந்தார். விண்மீன் பார்க்கும் கருவியின் இருக்கையில் இருவர் அவரைத் தூக்கி அமர்த்தி, வேலை முடிந்தபின் தூக்கி இறக்கினர். கருவியைச் சுமந்தவர்கள் கருவியாளரையும் சுமந்தார்கள். பின் அவர் இங்கிலாந்து சென்று ஐந்தாண்டு தங்கி, 1830-இல் புதிய கருவிகளுடன் திரும்பினார். சங்கிலிக்கு மாறாகப் பித்தளையும் இரும்பும் இணைந்த பத்தடிக் கோல்கள் வந்தன. ஒன்று நீளும் அளவை மற்றொன்றைக் கொண்டு சரிசெய்து, வெப்பம் மாறினும் நீளம் மாறாதபடி அமைந்தவை. அவற்றைக் கல்கத்தாவில் பாரக்பூர்ச் சாலையோரம் சோதித்தார். அதற்கென எழுப்பிய 75 அடிக் கோபுரங்கள் இரண்டு இன்றும் அச்சாலையில் நிற்கின்றன. கல்கத்தாவிலுள்ள நம்மவர் பேருந்தில் நாள்தோறும் அவற்றைக் கடந்திருப்பர்.

மழைக்கால வேலையை எவரெஸ்ட் நிறுத்தினார். குளிர்காலத்து இரவுகளில் விளக்கொளியைக் கொண்டு கோணம் பார்த்தார். தொலைமலையில் பெரும்பானையைக் கவிழ்த்து, அதன் பக்கத்தில் ஒரு துளையிட்டு, உள்ளே எண்ணெயில் ஊறிய பருத்திக்கொட்டையை எரித்த விளக்குகளும் அவற்றுள் உண்டு. ஏட்டுக்கணக்கில் ஏழைவிளக்கு, ஆனால் பல மைலுக்கு அப்பாலும் தெரிந்தது. காய்ச்சலால் மடிவோர் தொகையும் இம்மாற்றத்தால் குறைந்தது. இது முன்பே தோன்றியிருந்தால் எல்லாபுரம் நேர்ந்திராதே என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

சம்பல் ஆற்றுக்கு வடக்கே கங்கை யமுனைச் சமவெளியில் மலையும் இல்லை, விமானமும் இல்லை. ஐம்பதடி உயரக் கோபுரங்களைச் செங்கல்லால் கட்டி, அவற்றின்மேல் கருவியை ஏற்றினர். பார்வைக்கோட்டில் குறுக்கிட்ட மாந்தோப்புகள் வெட்டப்பட்டன, குடில்கள் அகற்றப்பட்டன, இழப்பீடும் வழங்கப்பட்டது. எவரெஸ்டின் முகாம் சென்ற காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள்: யானை 4, குதிரை 30, ஒட்டகம் 42, கால்நடையாக வந்த ஆட்கள் 700. யானைமீது யார் வந்தார், குதிரைமீது யார் வந்தார் என்பது ஏடுகளில் உண்டு. எழுநூற்றுவர் எழுநூறாகவே உள்ளனர். அவர்கள் யாவரும் தமிழர் என்று பெருமை கொள்வதற்கில்லை. அது நாட்டின் பல பகுதியினர் கலந்த கூட்டம். ஆனால் பரங்கிமலையில் பெட்டி தூக்கத் தொடங்கிய வரிசையில் நம்மவர் இல்லாதிருக்க வழியே இல்லை.

பெயர் நிலைத்த ஒருவர் உண்டு; அவரைச் சொல்லாமல் விடலாகாது. ஆற்காட்டைச் சேர்ந்த சையது மீர் மோசின் உசேன் சென்னையில் நகைக்கடை ஒன்றில் வேலை செய்தவர். அவருடைய கைத்திறனைக் கண்டு அளவைத் துறையினர் அவரைக் கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்றனர். ஆங்கிலக் கல்வி பெறாதவர். ஆயினும் லண்டனில் செய்த கருவி பழுதுற்றால் அதைப் பிரித்துப் பூட்டவும், வட்டத்தில் பாகைக் கோடுகளை நுட்பமாகக் கீறவும் வல்லவரானார். எவரெஸ்டின் முகாமோடு வடக்கே சென்றார். இங்கிலாந்திலிருந்து வரவழைத்த பாரோ என்னும் கருவியாளர் நீங்கியபின் அப்பொறுப்பை இவரே ஏற்றார். எளிதில் எவரையும் புகழாத எவரெஸ்ட் இவருக்காக வாதாடினார். 1843-இல் அரசின் கணிதக் கருவியாளர் என்ற பதவி இவருக்குக் கிட்டியது. ஆற்காட்டு நகைத்தொழிலாளியின் கை இமயத்தை அளந்த கருவிகளைச் சீர்செய்தது.

1834-35-இல் டேராடூன் பள்ளத்தாக்கில் அடிக்கோடு அளக்கப்பட்டது. ஏழு மைலுக்கு மேற்பட்ட நீளம். சிரோஞ்சிலிருந்து நானூறு மைலுக்கு மேல் முக்கோணம் முக்கோணமாகக் கணக்கிட்டு வந்த நீளத்தையும், நிலத்தில் நேரே அளந்த நீளத்தையும் ஒப்பிட்டபோது வேறுபாடு ஏறக்குறைய 7 அங்குலம். ஒரு சாண் அளவும் இல்லை. பின்னர்த் தெற்கேயுள்ள எஞ்சிய பகுதிகள் புதுக்கோல்களால் மீண்டும் அளக்கப்பட்டு, 1841-இல் பீதரில் வேலை நிறைவுற்றது. குமரிமுனையருகிலிருந்து முசூரிக்கு அப்பாலுள்ள பானோக் குன்று வரை பெருவில்லின் நீளம் ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர். இவ்வில்லை அடியாகக் கொண்டே பிற்காலத்தில் இமயத்தின் கொடுமுடிகளை அளந்தனர். 29,002 அடி என்று 1856-இல் அறிவிக்கப்பட்ட சிகரத்துக்கு எவரெஸ்டின் பெயரைச் சூட்டினர்.

சில ஆண்டுகளுக்கு முன் முசூரி சென்றபோது எவரெஸ்ட் வாழ்ந்த வீட்டைக் காணப் போனேன். அண்மையில் பழுதுபார்த்து வெள்ளையடித்திருக்கிறார்கள். வடக்கே பனிமலை வரிசை, தெற்கே டேராடூன் பள்ளத்தாக்கு, மேற்கே பானோக். வீடுவரை ஏறுவதற்கே எனக்கு மூச்சு இரைத்தது. என் பையைக் கார்வாலி இளைஞன் ஒருவன் தூக்கி வந்தான். அதில் இருந்தவை ஒரு கம்பளிச் சட்டை, ஒரு புட்டித் தண்ணீர், மனைவி கட்டிக்கொடுத்த தயிர்சாதம். வீட்டைக் காட்டி, இங்கே இருந்தவர் யார் தெரியுமா என்று இந்தியில் கேட்டேன். மலைக்குப் பெயர் கொடுத்தவர் என்றான். இங்கே கருவிகளை யார் தூக்கி வந்தார்கள் என்று கேட்டேன். அவன் சிறிது நேரம் என்னையே பார்த்தான். பிறகு தன் தோளிலிருந்த என் பையின் வாரை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, எங்களைப் போன்றவர்கள்தான் என்று சொல்லிவிட்டு முன்னே நடந்தான்.